தொலைவு, வீச்சு, குறி: சீரொளித் தொலைவுமானி பற்றிச் சில விளக்கங்கள்

நெடுந்தொலைவில் உள்ள இலக்கைச் சுடுவோர் இன்று கையடக்கமான ஒரு கருவியைப் பயன்படுத்துகின்றனர். அதன் வழியே இலக்கைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால், இலக்கு எத்தனை மீட்டரில் உள்ளது என்னும் எண் பார்வைக் கண்ணாடிக்குள்ளேயே தோன்றும். விலை சற்று மிகுந்த கருவிகள் இரண்டாவது எண் ஒன்றையும் காட்டும். முதல் எண் 400 என்றிருக்க, இரண்டாவது எண் 346 என்றிருக்கலாம். இலக்கு ஒன்றுதான், அதற்கு எப்படி இரண்டு தொலைவுகள்?

இக்கேள்விக்கு விடை இயற்பியலில் உள்ளது. ஆனால் குழப்பம் பிறக்கும் இடம் மொழி. இவ்விரண்டு எண்களையும் ஆங்கிலக் கையேடுகள் 'ரேஞ்ச்' என்ற ஒரே சொல்லால் குறிப்பதுண்டு. துப்பாக்கியின் ஆற்றல் எதுவரை எட்டும் என்பதற்கும் அதே சொல். சுடும் பயிற்சித் திடலுக்கும் அதே சொல். நான்கு பொருளைச் சுமக்கும் அச்சொல்லுக்குத் தமிழில் ஒரே நிகரனைத் தேடிச் சிலர் 'வீச்சுமானி' என்று கருவிக்குப் பெயரிட்டு எழுதுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீச்சு என்பது எறிபவனுடைய ஆற்றல். தொலைவு என்பது நிலத்தின் இயல்பு. கருவி அளப்பது தொலைவை மட்டுமே. தொலைவைக் காட்டும் கருவியை வீச்சுமானி என்று அழைத்துவிட்டால், அது காட்டும் இடம்வரை சுடலாம் என்ற எண்ணத்தைப் பெயரே ஊட்டிவிடும்.

தொலைவைச் சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதன்று. கூப்பிடு தொலைவு, கல்லெறி தூரம், அம்பு விடும் தூரம் என்பவை மனித உடலையே அளவுகோலாகக் கொண்ட சொற்கள். இவற்றில் ஒரு நுட்பத்தைக் காண்க. கூப்பிடு தொலைவு என்பது குரலின் வீச்சாகவும் நிலத்தின் தொலைவாகவும் ஒருங்கே நிற்கிறது. குரல் எட்டாவிட்டால் அது கூப்பிடு தொலைவே அன்று. காதம், யோசனை முதலியன அவ்வாறில்லை. அவை நடப்பவன் யாராயினும் மாறாதவை என்று கொள்ளப்பட்டவை. தருமபுரி வட்டாரத்தில் கிடைத்துள்ள அதியமான் பெருவழிக் கல், நாவற்றாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் எனத் தமிழ் எண்ணால் குறிப்பதோடு, எழுத்தறியாதவரும் அறிந்துகொள்ள இரண்டு பெருங்குழிகளையும் ஒன்பது சிறுகுழிகளையும் செதுக்கி வைத்திருக்கிறது. அளவை எவர் படிக்கப்போகிறார் என்பதைக் கருதிக் காட்டும் முறையை அமைத்த அந்தக் கல்தச்சரை, இக்காலக் கருவிகளின் திரையை வடிவமைப்போர் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

மலையகத்திலோ நம் முன்னோர் வேறு சொற்களை ஆக்கிக்கொண்டனர். மைல்கல்லைக் கட்டை என்றனர்; ஐந்தாம் கட்டை, பத்தாம் கட்டை என்பன ஊர்ப்பெயராகவே நிலைத்தன. மலாய் மொழியினர் அதையே 'பத்து' என்பர். அதற்குக் கல் என்று பொருள். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் 'நாலு கல் தொலைவு' என்றால் நான்கு மைல்தான். இரு மொழியினரும் கல்லைக் கண்டே தொலைவைப் பெயரிட்டிருக்கின்றனர். (நம் மாநிலத்துப் பத்து பகாட்டைத் தமிழில் எழுதிப் படிப்பவர், பத்து என்பதை எண்ணாகக் கொள்வது வேறு கதை.) தோட்டத்தில் இன்னும் நெருக்கமான அளவு இருந்தது, அதுதான் நிரை. பால்மரத் தோட்டத்தில் மர வரிசைக்கு நிரை என்று பெயர். வேலையும் நடையும் நிரைக் கணக்கில் நடந்தன. செம்பனைத் தோட்டத்தில் மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளி விட்டு முக்கோண முறையில் நடுவது வழக்கம். ஆகவே ஒரு நிரையில் பத்து இடைவெளிகளை எண்ணினால் 90 மீட்டர் என்று மதிப்பிடலாம். இது கண்ணால் செய்யும் தொலைவளவை. வரிசையாக நட்ட நிலத்தில் சிறப்பாகவும், காட்டில் பயனற்றும் இருக்கும்.

எட்டிச் சென்று அளக்க முடியாத இடத்தை அளக்க, கருவியாளர்கள் நெடுங்காலம் முக்கோணத்தையே நம்பினர். 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமான அடிக்கோடு ஒன்றை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். அதன் பிறகு சங்கிலிக்கு வேலை குறைவு. கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஒரு புள்ளியைப் பார்த்துக் கோணங்களை அளந்தால் மற்ற நீளங்களைக் கணக்கிட்டுவிடலாம். கோணத்தை அளக்கும் பெருங்கருவியை 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது அது மோதிப் பழுதடைந்தது, செப்பனிட்டுத் தொடர்ந்தார்கள். போர்க்கப்பல்களுக்கும் பீரங்கிப் படைகளுக்கும் பின்னாளில் வந்த பார் அண்டு ஸ்ட்ரவுடு நிறுவனத்தின் தொலைவுமானியும் இதே கருத்துத்தான். நீண்ட குழாயின் இரு முனைகளிலும் இரண்டு சாளரங்கள். அவற்றின் வழியே வரும் இரு தோற்றங்களையும் ஒன்றாகப் பொருத்தினால், பொருத்தத் தேவைப்பட்ட சிறு கோணம் தொலைவைச் சொல்லும். அடிக்கோடு குழாயின் நீளமே. ஆதலால் தொலைவு மிகமிகப் பிழையும் மிகும்.

இவ்விடத்தில் ஜொகூரின் பெயர் தாங்கிய ஒரு பீரங்கித் தளத்தைச் சொல்ல வேண்டும். 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவை ஒட்டிச் சுல்தான் இப்ராகிம் ஐந்து இலட்சம் பவுண்டு வழங்கினார். அந்த நன்கொடையை நினைவுகூர்ந்து, சிங்கப்பூரின் சாங்கியில் மூன்று 15 அங்குலப் பீரங்கிகளுடன் அமைந்த தளத்துக்கு ஜொகூர் பீரங்கித் தளம் என்று பெயரிட்டனர். இன்று அங்கே மாதிரிப் பீரங்கி ஒன்றைக் காணலாம். அதன் வீச்சு இருபது மைலுக்கும் மேல். கடலோரப் பீரங்கிகளுக்குத் தொலைவு காணும் முறைகளில் ஒன்று எளிமையானது: உயரமான இடத்தில் நின்று, கப்பல் நீரைத் தொடும் கோட்டை எவ்வளவு கீழ்நோக்கிப் பார்க்கிறோம் என்ற கோணத்தை அளப்பது. நிற்கும் உயரம் தெரியும், கடல் மட்டமானது, எனவே தொலைவு தெரிந்துவிடும். நிலத்தை நோக்கித் திரும்பினால் அம்முறை உதவாது, ஏனெனில் நிலம் கடலைப் போல மட்டமானதன்று. 1942 பிப்ரவரியில் அப்பீரங்கிகள் ஜொகூர்ப் பக்கத்தை நோக்கித்தான் திரும்பிச் சுட நேர்ந்தது. கையிருப்பில் மிகுந்திருந்தவையோ கப்பலின் எஃகுக் கவசத்தைத் துளைப்பதற்கான குண்டுகள்; அவை மண்ணில் ஆழப் புதைந்தன. வீச்சு இருந்தது; அதற்கு ஏற்ற குறியும் குண்டும் இல்லை. வீச்சு வேறு, தொலைவு வேறு, குறி வேறு என்பதற்கு நம் கரையிலிருந்தே கிடைக்கும் சான்று இது.

முக்கோணத்தை விட்டு நேரத்தை அளக்கத் தொடங்கியது சீரொளியின் வருகையால். 1960 மே 16ஆம் நாள் தியோடர் மைமன் கலிபோர்னியாவில் முதல் லேசரை இயக்கினார். லேசர் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கலைச்சொல்லாளர் சீரொளி என்றனர். இங்கே இரண்டும் வழங்குகின்றன. கருவி மிகக் குறுகிய ஓர் ஒளித் துடிப்பை அனுப்பும். அது இலக்கில் பட்டுச் சிதறி, அதில் ஒரு சிறு பகுதி திரும்பி வரும். போய்வந்த நேரத்தை ஒளியின் விரைவால் பெருக்கிப் பாதியாக்கினால் தொலைவு. ஒளி நொடிக்கு 29,97,92,458 மீட்டர் செல்வதால், ஒரு கிலோமீட்டர் சென்று திரும்ப நொடியின் பத்து இலட்சத்தில் ஏழு பங்குகூட ஆகாது. ஒரு மீட்டர் வேறுபாட்டை அறிய, நொடியின் நூறு கோடியில் ஏறத்தாழ ஏழு பங்கைக் கருவி பிரித்தறிய வேண்டும். முந்திரி, கீழ்முந்திரி என்று மிகச் சிறிய பின்னங்களுக்கும் பெயரிட்ட மொழி நம்முடையது. ஆயினும் இவ்வளவு சிறிய காலத்துக்கு அங்கும் பெயரில்லை.

இவ்வகைக் கைக்கருவிகள் பெரும்பாலும் 905 நானோமீட்டர் அலைநீளத்தில் இயங்குகின்றன. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எனவே சீரொளி என்றதும் செம்புள்ளி ஒன்றை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். அவ்வொளி நூல் போன்ற கோடும் அன்று. செல்லச் செல்ல விரியும். ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு விரியும் கற்றை, ஆயிரம் மீட்டருக்கப்பால் ஒன்றரை மீட்டர் அகலமாக இருக்கும். ஒரு மானின் உடலை விட அகலமான கற்றை மானின் மீது மட்டும் படாது. பின்னாலுள்ள மரத்திலும் முன்னாலுள்ள புல்லிலும் படும். கருவி எதிலிருந்து வந்த எதிரொளியைக் கணக்கிட்டது என்பது திரையில் இராது. இதற்காகவே முதல் எதிரொளியைக் கொள்வதா, கடைசி எதிரொளியைக் கொள்வதா என்று தேர்வு செய்யும் வசதியைப் பல கருவிகளில் வைத்திருக்கின்றனர். செம்பனை ஓலை ஒன்று குறுக்கே தொங்கினால், ஓலையின் தொலைவைக் கருவி மனச்சான்றோடு காட்டும். பயன்படுத்துபவர் அதைக் காட்டுப்பன்றியின் தொலைவாகப் படிப்பார். நம் மாநிலத்தின் மாலை மழையும் விடியற்காலை மூடுபனியும் இதையே செய்யும். நீர்த்துளிகளும் ஒளியைத் திருப்பி அனுப்புபவையே. பெட்டியின் மேல் 2000 மீட்டர் என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ஒளியை நன்கு திருப்பும் பலகைக்கு உரியது. மரத்துக்கு அது குறையும், மானின் தோலுக்கு இன்னும் குறையும்.

இதுவரை முதல் எண்ணைக் கண்டோம். இரண்டாவது எண் எறியியலுக்கு உரியது. 'பாலிஸ்டிக்' என்ற சொல் எறிதலைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. எறியியல் என்பது அதற்குத் தமிழில் இயல்பாகவே பொருந்துகிறது. பீரங்கிக் குண்டை எறிகணை என்று இலங்கைத் தமிழர் வழங்குவதும் இதே வேரின் ஆக்கம்.

வேட்டை ரைபிளின் குண்டு நொடிக்கு 800 மீட்டர் அளவில் புறப்படுவதாகக் கொள்வோம். துப்பாக்கியை விட்ட கணத்திலிருந்தே அது கீழே விழத் தொடங்குகிறது. கையிலிருந்து நழுவும் காசு எப்படி விழுமோ அப்படியேதான் இதுவும். காற்றின் தடையைத் தள்ளிவைத்தால் அரை நொடியில் 1.2 மீட்டர், ஒரு நொடியில் 4.9 மீட்டர், ஒன்றரை நொடியில் 11 மீட்டர். நேரம் இரு மடங்காக, வீழ்ச்சி நான்கு மடங்காகிறது. காற்று குண்டின் விரைவைத் தின்றுகொண்டே இருப்பதால், 500 மீட்டரைக் கடக்க முக்கால் நொடி அளவு ஆகும். அதற்குள் அது இரண்டரை மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். அந்த இறக்கத்தை முன்கூட்டியே அறிந்து குழலை அவ்வளவு உயர்த்திச் சுடுகின்றனர். இலக்கு 500 மீட்டரில் உள்ளதாக நம்பிச் சுட, அது 550 மீட்டரில் இருந்தால், குண்டு நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்ந்து படும். நெஞ்சுக்குக் குறிவைத்த குண்டு காலை முறிக்கும். அவ்விலங்கு காட்டுக்குள் ஓடிப் பல நாள் கிடந்து சாகும். தொலைவைக் கண்ணால் மதிப்பிட்டு ஐம்பது மீட்டர் பிழைப்பது அரிதான செயலன்று. கருவியின் தேவை இங்கேதான் மெய்யானது.

சரிவில் சுடும்போது சிக்கல் கூடுகிறது. இதற்கு நீலகிரியின் வரையாட்டை எடுத்துக்கொள்வோம். வரை என்றால் மலை. பெயரிலேயே அதன் வாழிடத்தைக் கொண்ட விலங்கு. ஆங்கிலேயர் காலத்தில் அதன் வேட்டை பெரும் பொழுதுபோக்காக இருந்து, எண்ணிக்கை குறைந்ததனால் 1877இல் வேட்டைக்காரர்களே காப்புச் சங்கம் ஒன்றை அமைத்தனர். 1879இல் நீலகிரிக்கென வேட்டைச் சட்டமும் வந்தது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் அதை எவரும் சுடக்கூடாது. ஆகவே இது கணக்குக்கான எடுத்துக்காட்டு மட்டுமே. உச்சிப் பாறையில் நிற்பவரிடமிருந்து 30 பாகைச் சரிவில், கண்ணுக்கு நேரே 400 மீட்டரில் ஆடு நிற்கிறது. ஆனால் புவியீர்ப்பு நேர் கீழாக இழுப்பது. அது குண்டைப் பார்வைக் கோட்டிலிருந்து விலக்கும் அளவு, சரிவான 400 மீட்டரையன்று, அதன் நிழல் போலத் தரையில் விழும் கிடைத்தொலைவையே பெரும்பாலும் பொறுத்தது. 400ஐ 30 பாகையின் கோசைனால் பெருக்கினால் 346 மீட்டர். தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது எண் இதுதான். இதை அறியாது 400க்கு உரிய உயர்வைக் கொடுத்துச் சுட்டால் குண்டு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயர்ந்து, முதுகின் மேலாகவோ முதுகை உரசியோ போகும். வியப்பு என்னவெனில், மேல்நோக்கிச் சுட்டாலும் பிழை இதே திசையில்தான். அப்போதும் குண்டு உயரமாகவே போகும்.

கோசைன் பெருக்கம் ஓரளவுக்கே சரி. சரிவும் தொலைவும் மிகுந்தால் குண்டின் விரைவிழப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். எறியியல் கணிப்புள்ள கருவிகள் சரிவுக் கோணம், வெப்பநிலை, காற்றழுத்தம் ஆகியவற்றைத் தாமே அளந்து, குண்டின் வடிவத் திறன், புறப்படும் விரைவு, துப்பாக்கியைச் சரிபார்த்து வைத்த தொலைவு ஆகியவற்றை நம்மிடமிருந்து பெற்றுக் கணிக்கின்றன. காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் புழுக்கமான நாளில் 'காற்று கனமாக இருக்கிறது' என்கிறோம். உண்மை நேர்மாறானது. நீராவியின் மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விட இலேசானது. வெப்பமோ காற்றை விரித்துவிடுகிறது. ஜொகூரின் நண்பகல் காற்று, குளிர்நாட்டுச் சமநிலத்துக் காற்றை விட அடர்த்தி குறைந்தது; குண்டுக்குத் தடையும் சிறிது குறைவு. வடநாட்டுக் குளிரில் ஒருவர் தொகுத்த அட்டவணை இங்கே அப்படியே பொருந்தாது. பக்கவாட்டுக் காற்றைப் பெரும்பாலான கருவிகள் அளப்பதில்லை. நிற்குமிடத்தில் அளந்தாலும் நடுவழியில் வீசும் காற்றை அவை அறியா.

ஆகவே 346 என்பது தொலைவே அன்று. ஆட்டுக்கும் நமக்கும் இடையே 346 மீட்டர் நீளமுள்ள கயிறு எட்டாது. 'சமநிலத்தில் 346 மீட்டரில் உள்ள இலக்கைச் சுடுவதுபோல் குறிவை' என்னும் ஓர் ஏவல் அது; எண்ணின் உடையில் வந்த வினைச்சொல். சில கருவிகள் மீட்டரை விடுத்து, ஆயிரத்தில் ஒன்று என்னும் கோண அளவில் இத்தனை பங்கு உயர்த்து என்று நேராகவே சொல்லிவிடுகின்றன. அவை மொழியளவில் நேர்மையானவை.

துப்பாக்கியை வாழ்நாளில் தொடாதவரும் இவ்வேறுபாட்டை நம் மாநிலத்துக் கோல்ஃப் திடல்களில் காணலாம். அங்கும் இதே சீரொளிக் கருவிதான். ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு 'இவ்வளவு தொலைவாகக் கருதி அடி' என்னும் இரண்டாவது எண்ணும் அதில் உண்டு. 2019இல் நடைமுறைக்கு வந்த கோல்ஃப் விதிகள், போட்டித் திடலில் வேறு தடை இல்லாவிடில், தொலைவை அளக்க இசைவு தருகின்றன. ஏற்ற இறக்கத்தை அளந்து கணித்துக் காட்டும் பகுதியைப் பயன்படுத்தத் தடை விதிக்கின்றன. முதல் எண் செய்தி, இரண்டாவது எண் அறிவுரை என்று விளையாட்டு விதியே வகுத்துவிட்டது. கலைச்சொல்லாளர் அதற்குப் பின்தங்கலாமா?

என் முன்மொழிவு இது. இலக்குக்கு நேராகச் செல்லும் கோட்டின் நீளம் நேர்த்தொலைவு. தரைமட்டத்தில் அதன் அளவு கிடைத்தொலைவு. குறிவைப்பதற்காகக் கருவி கணித்துத் தரும் எண் குறித்தொலைவு. ஆயுதத்தின் ஆற்றல் எல்லைக்கு வீச்சு. பயிற்சி இடத்துக்குச் சுடுதிடல். கருவிக்குத் தொலைவுமானி, கணிப்பும் செய்வதாயின் எறியியல் தொலைவுமானி. 'சரிசெய்த தொலைவு' என்று சிலர் மொழிபெயர்ப்பதை நான் தவிர்ப்பேன். முதல் தொலைவில் ஏதோ பிழை இருந்து அதைத் திருத்தியதுபோல் அது ஒலிக்கிறது. முதல் எண்ணில் பிழையே இல்லை.

அலகும் சொல்லோடு சேர்ந்தது. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த கருவிகள் கெஜத்தில் காட்டும்படி அமைந்து வருவதுண்டு. திரையின் ஓரத்தில் ஒரு சிற்றெழுத்து மட்டுமே அதைச் சொல்லும். 500 கெஜம் என்பது 457 மீட்டர். அதை 500 மீட்டர் என்று படித்துச் சுடுபவரின் குண்டு ஏறத்தாழ ஓரடி உயரே போகும். துணிக்கடையில் கெஜத்தையும் மீட்டரையும் குழப்பினால் சட்டைத்துணி குறையும். இங்கே குழப்பினால் விலங்கு குற்றுயிராய்த் தப்பும், அல்லது குண்டு அதற்கப்பால் இருப்பவரைத் தேடிச் செல்லும்.

எந்தத் திரையும் காட்டாத ஒன்று, இலக்கின் விருப்பம். 500 மீட்டரில் மேய்ந்து நடக்கும் மான், குண்டு வந்து சேரும் முக்கால் நொடிக்குள் ஓரடி எடுத்து வைத்தாலே நெஞ்சுக்குரிய குண்டு வயிற்றில் படும். தொலைவு சரி, குறித்தொலைவு சரி, அலகு சரி. ஆயினும் கருவி 1200 என்று காட்டியதாலேயே 1200 மீட்டரில் சுடலாம் என்ற உரிமை பிறப்பதில்லை. நம் நாட்டில் இக்கேள்வி ஓரளவு தானாகவே சுருங்குகிறது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். தீபகற்பத்தில் வேட்டைக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனி உரிமம் வேண்டும். தோட்டக் காவலுக்குப் பெரிதும் பயன்படும் சிதறுகுண்டுத் துப்பாக்கியின் பயனுள்ள வீச்சு நாற்பது, ஐம்பது மீட்டருக்குள் அடங்கிவிடும். அதாவது செம்பனை நிரையில் ஐந்தாறு இடைவெளி. அதை எண்ணிப் பார்க்க மின்கலம் தேவையில்லை.